மெட்டி கறுத்த தண்ணி

கேள்வி:

வணக்கம் டொக்டர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. நான் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு 57 வயது. 35 வருஷம் கொழுந்து எடுத்தவர். இரண்டு வருஷமாக இரண்டு முழங்காலிலும் வலி, மலை இறங்கும்போது கூடுதல். சீனி வியாதியும் இருக்கிறது, கிளினிக் மருந்து குடிக்கிறார். இப்போது இரண்டு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு, விரல் இடுக்கில் சிறு சிறு பருக்கள். இரவில் தூங்க முடிவதில்லை. அண்ணனின் நாலு வயது மகளுக்கும் அதே மாதிரி வந்துவிட்டது.

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கீழே பெரிய கான் (வடிகால்) திரும்புகிற இடத்தில் தண்ணீர் ஊறுகிறது. கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அது கந்தக ஊற்று, மூட்டு வலிக்கும் தோல் வியாதிக்கும் கைகண்ட மருந்து என்று ஒருவர் சொல்லப்போய், அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் தினமும் அங்கேதான் குளிக்கிறார்கள். அம்மாவின் வெள்ளி மெட்டி ஒரே வாரத்தில் கறுத்துவிட்டது. "கந்தகம் இல்லாமலா கறுக்கும்?" என்று என்னிடமே கேட்கிறார். அந்த ஆள் கந்தக மினரல் வாட்டர் என்று ஒரு போத்தல் 1,500 ரூபாவுக்கு விற்கவும் செய்கிறார். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமாம். இதெல்லாம் உண்மையா? இல்லையென்றால் அம்மாவைக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்காவது கூட்டிப்போகட்டுமா?

பதில்:

அன்புள்ள மகள்,

உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. மெட்டியைக் கறுக்க வைத்தது கந்தகம்தான். கூழ்முட்டை நாற்றமும் அதே சாமானுடையதுதான். ஐதரசன் சல்பைட் என்ற வாயு தண்ணீரில் கரைந்திருக்கிறது. அது வெள்ளியைத் தொட்டால் கறுப்பாக ஒரு படலம் படியும். 35 வருஷம் தளிர் பார்த்துக் கிள்ளிய கண்ணுக்கு இது தப்பவில்லை. அதற்காக அவரை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

தவறு அடுத்த படியில் நடந்திருக்கிறது. இந்த வாயு பூமியின் ஆழத்திலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. இலை, குப்பை, சாணம், கக்கூஸ் கழிவு எதுவானாலும் காற்றுப் படாத சேற்றில் கிடந்து அழுகினால் அங்கேயும் வரும். அந்தச் சேற்றில் வாழும் ஒருவகை பக்டீரியா, தண்ணீரிலுள்ள சல்பேட்டைத் தின்று இந்த வாயுவை விடுகிறது. சல்பேட்டுக்குத் தோட்டத்தில் பஞ்சமா? சல்பேட் ஒப் அமோனியா உரம் போட்ட மலையிலிருந்து மழைத் தண்ணீர் நேரே கானுக்குத்தானே இறங்குகிறது. மேலே லயம், லயத்துக்குப் பின்னால் கக்கூஸ் குழி, கீழே கான் திரும்பும் மூலையில் தேங்கிய சேறு. நீங்கள் எழுதிய இடத்தை மனதில் வரைந்து பார்த்தால் எனக்குத் தெரிவது இந்தப் படம்தான். அங்கே போய்க் கிண்டிப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அம்மா என்றால் இன்றே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். இலங்கையில் எரிமலை கிடையாது. நம்முடைய வெந்நீர் ஊற்றுகள் எல்லாம் மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருபவை. ஒரு கிலோமீற்றர் கீழே போனால் சூடு ஏறத்தாழ 25 பாகை கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஊற்றுகள் இருப்பது மலையில் அல்ல, மலை முடிந்து கிழக்கேயும் தென்கிழக்கேயும் தாழ்ந்துபோகும் நிலத்தில்: திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா, அம்பாறை மாவட்டத்தில் மஹாஓயா, சூரியவெவப் பக்கம் மஹாபெலஸ்ஸ. நுவரெலியாவிலிருந்து பதுளை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதியில்தான் மஹாஓயா வரும். அங்கே சில ஊற்றுகளில் கையே வைக்க முடியாது, 50 பாகைக்கு மேல் சுடும்.

உலகத்தில் உண்மையான கந்தக ஊற்றுகளும் இருக்கின்றன, அவற்றுக்குப் பெரிய வரலாறும் இருக்கிறது. ஜோர்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசிக்குப் பெயர் வந்ததே அந்த மொழியில் வெதுவெதுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான். அங்கே கந்தகக் குளியலறைகள் இன்றும் நடக்கின்றன. இந்தியாவில் டெராடூனுக்குப் பக்கத்தில் சகஸ்ரதாரா. இங்கிலாந்தில் ஹரகேட் என்ற ஊரில் கந்தகத் தண்ணீர் குடிப்பதற்கென்றே 1842இல் ஒரு மண்டபம் கட்டினார்கள். சீமான்கள் கிளாஸை வைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி அங்கே குடித்த காலத்தில்தான், நம்முடைய முப்பாட்டன்மார் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கந்தகத் தண்ணீரை விடப் பெரிய வைத்தியம் தேவைப்பட்டவர்கள் அவர்கள். அது வேறு கதை.

அந்த ஊற்றுகளில் குளித்தால் மூட்டு வலி குறைகிறதா என்று கேட்டால், கொஞ்சம் குறைகிறது. ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து நிறுக்கும் கொக்ரேன் என்ற அமைப்பு, மூட்டுத் தேய்மானத்துக்குக் கனிமக் குளியல் பற்றி 2007இல் ஒரு மீளாய்வு வெளியிட்டது. 7 ஆய்வுகள், 498 நோயாளர்கள். ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களை விடக் குளித்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. ஆனால் ஆய்வுகள் நடத்தப்பட்ட விதம் அவ்வளவு திறமில்லை, பார்த்து நம்புங்கள் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கொஞ்சமும் எதனால் குறைகிறது? பெரும்பங்கு சூட்டினாலும் ஆழத்தினாலும் என்பது என் கணிப்பு. கழுத்து வரை தண்ணீரில் நின்றால் கால் தாங்குவது உடம்பு எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இடுப்பு வரை நின்றால் பாதி. 36, 38 பாகைத் தண்ணீரில் 15 நிமிடம் இருந்தால் இறுகிக் கிடந்த தசை இளகும், இரத்த ஓட்டம் கூடும், வலியில்லாமல் காலை மடக்கி நீட்ட முடியும். இதற்குக் கந்தகம் தேவையில்லை. உங்கள் கானில் சூடும் இல்லை, ஆழமும் இல்லை. அம்மா குந்தியிருந்து வாளியால் மொண்டு ஊற்றுகிறார் என்று நினைக்கிறேன். தேய்ந்த முழங்காலுக்குக் குந்துவதை விடக் கெட்டது ஒன்றுமில்லை.

அதோடு சீனிக்காரரின் கால் அது. சொறிந்த புண், முள்ளுக் கீறல், அட்டை கடித்த இடம் எல்லாம் அந்தக் காலில் இருக்கும். எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர் இப்படிப்பட்ட புண் வழியாக உள்ளே போய்த்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. அங்கே குளித்தவர்களில் யாருக்காவது கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் வந்தால், பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றுத் தண்ணீரில் குளித்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும்) அந்த இடத்தைக் காட்டுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வழி அவருக்குத் தெரியும்.

இனி அரிப்பு. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த இடம் இதுதான், முழங்கால் அல்ல. இரவில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கில் பரு, ஒரே வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் வந்தது. இது மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. ஒரே காம்பராவில் ஒரே கம்பளிக்குள் படுத்தால் ஆளுக்காள் தொற்றும். அசுத்தத்தால் வருவதில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ ஒருமுறை காட்டினால் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கந்தகத்துக்கு உண்மையாகவே வேலை இருப்பது இங்கேதான். கந்தகம் தோலில் பட்டு மெல்ல மாறும்போது பூச்சியையும் சில கிருமிகளையும் கொல்லும், தடித்த தோலையும் உரிக்கும். நம் சித்த வைத்தியர்கள் சொறி சிரங்குக்குக் கந்தகம் கொடுத்தது சும்மா இல்லை. இங்கிலீஷ் வைத்தியத்திலும் 5 முதல் 10 சதவீதம் கந்தகம் கலந்த களிம்பு இன்றும் உண்டு. மூன்று இரவு தொடர்ந்து பூச வேண்டும். நாறும், உடுப்பில் கறை பிடிக்கும், ஆனால் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தைரியமாகக் கொடுக்கக்கூடியது.

ஒரு கணக்கு சொல்கிறேன், அம்மாவுக்கும் சொல்லுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் கந்தகம் இருந்தாலே அதைக் கந்தகத் தண்ணீர் என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. 5 சதவீதக் களிம்பு 30 கிராம் வாங்கினால் அதற்குள் 1,500 மில்லிகிராம் கந்தகம். கானில் எத்தனை வாளி மொண்டு ஊற்றினாலும் அந்தச் சின்ன டப்பாவுக்கு ஈடாகாது.

இப்போது டொக்டர்மார் முதலில் எழுதுவது பெரும்பாலும் பெர்மெத்ரின் 5 சதவீதக் கிறீம். இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக அடி, தொப்புள், மார்புக்குக் கீழே என்று ஒரு இடம் விடாமல் பூசி, 8 முதல் 12 மணித்தியாலம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் ஒருமுறை. சின்னப் பிள்ளைக்கு எப்படிப் பூசுவது என்பதைத் துண்டு எழுதும் டொக்டரிடமே கேளுங்கள். கெட்டிக்காரக் குடும்பங்களும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது: அரிப்பு உள்ளவர் மட்டும் பூசுவது. அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் படுக்கும் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் பிடிக்கும். அண்ணன் "எனக்கு ஒன்றுமில்லை" என்றால், இன்னும் இல்லை என்றுதான் அர்த்தம்.

துணிமணி விஷயத்தில் மருந்துப் பெட்டியில் போட்டிருப்பது நம் ஊருக்குச் சரிப்படாது. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடு என்று இருக்கும். பொகவந்தலாவையில் ஆடி மாதத்தில் வெயிலை எங்கே தேடுவது? கம்பளி துவைத்தால் பத்து நாளும் காயாது, காயாத கம்பளியோடு குளிரில் நடுங்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆளின் உடம்பை விட்டுப் பிரிந்தால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். கம்பளி, தலையணை, சுவெட்டர் எல்லாவற்றையும் பெரிய பொலித்தீன் பையில் திணித்து, வாயை இறுக்கக் கட்டி, இஸ்தோப்பு மூலையில் ஒரு வாரம் போட்டுவிடுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் போர்த்த வேறு ஏற்பாடு பாருங்கள். மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். செத்த பூச்சி தோலுக்குள் கிடக்கிற வரைக்கும் அப்படித்தான். மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்துத் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

சின்னவள் சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் தாமதிக்க வேண்டாம். அப்படிப்பட்ட புண்ணுக்குப் பின்னால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கும். காலையில் முகம் ஊதியிருந்தாலோ, மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

போத்தலுக்கு வருகிறேன். ஐதரசன் சல்பைட் ஒரு வாயு. மூடியைத் திறந்து அகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஒரு இரவு வைத்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், மிச்சம் பால் கலந்தாற்போல் கலங்கும். வான் ஏறி, கடை ஏறி, பல கை மாறி வரும் போத்தலில் கந்தகம் என்ற பெயர்தான் மிஞ்சும். சில பேர் பேதி உப்பைக் கரைத்து இதே பெயரில் விற்பதும் உண்டு. அதில் இருப்பது சல்பேட், வேறு சாமான். குடித்தால் என்ன ஆகும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. வயிறு இளகியதும் "உடம்பிலுள்ள கெட்டதெல்லாம் போகிறது" என்று விற்றவர் சொல்வார். வெறும் வயிற்றில் பேதியாகி, மேலே சீனி மருந்தும் போட்டால் உங்கள் அம்மா கொழுந்து மலையில் மயங்கி விழலாம். 1,500 ரூபாவைத் திருப்பிக் கேட்பது உங்கள் சாமர்த்தியம், போத்தலைத் திறக்காதீர்கள்.

முழங்காலுக்கு அந்தக் காசில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நம் லயத்துக் காம்பராவில் தொட்டி கிடையாது, அதனால் முழங்காலை மட்டும் சூடாக்குவோம். வாங்கில் உட்காரச் சொல்லி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயை முழங்காலைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் ஒரு காய்ந்த துணி. ஆற ஆற மாற்றி 15 நிமிடம். கேத்தலில் கொதித்த தண்ணீர் ஒரு பங்குக்குப் பீலித் தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் ஏறத்தாழ உடம்புச் சூட்டுக்கு வரும். மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், நுவரெலியா உயரத்தில் 94 பாகைதான். அதற்காக அது சுடாது என்று நினைத்துவிட வேண்டாம். சூடு பார்ப்பது அம்மாவின் காலால் அல்ல, உங்கள் அண்ணியின் முழங்கையால். சீனி கூடிய ஒருவர் வலிக்கு இதமாக இருக்கிறதென்று கொதிநீர் வாளியில் பாதத்தை வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. தோல் கொப்புளமாகித் தொங்கியதை முதலில் பார்த்தது அவருடைய பேரன். என்னிடம் வந்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது.

சூடு வைத்து முடிந்த கையோடு, அதே வாங்கில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். தேய்ந்த எலும்பை யாராலும் திருப்பிப் பூச முடியாது. ஆனால் தொடைத் தசை பலமானால் மலை இறங்கும்போது வரும் பாரத்தை அது தாங்கும். இறங்கும் வழியில் முழங்காலில் விழும் பாரம் உடம்பு எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். இறங்கும்போது கையில் ஒரு கம்பு இருக்கட்டும். ஆறு வாரம் விடாமல் செய்த பிறகு சொல்லுங்கள். மெடிக்கல் ஷொப்பில் வாங்கும் டைக்ளோபினாக் மாத்திரை வேண்டாம். சீனிக்காரரின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. முழங்கால் சிவந்து சூடாக வீங்கினாலோ, மடக்கியது நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ இந்த ஆறு வாரக் கணக்கெல்லாம் இல்லை, உடனே காட்டுங்கள்.

கன்னியாவுக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் சொறிக்கு இரண்டாம் தடவை மருந்து பூசி முடித்த பிறகு போங்கள், பக்கத்து சீற்றில் இருப்பவருக்காக. கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக நாள் முழுக்கப் பயணம். ஒரே இருப்பில் இருந்தால் முழங்கால் மரம் போல விறைக்கும், தம்புள்ளையில் இறங்கி நாலு எட்டு நடக்க வேண்டும். அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். யாரும் இறங்கி ஊறுவதில்லை. வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றுவதுதான். அதனால் முழங்காலுக்குக் கிடைப்பது வீட்டுத் துவாயை விடப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஊற்றி முடித்ததும் சட்டென்று எழும்ப விடாதீர்கள், சூட்டில் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், மூக்கில் ஏற்றவும் வேண்டாம். அப்படியே கோணேசரையும் கும்பிட்டு, கடலையும் பார்த்து வந்தால் அம்மாவுக்கு நன்றாகத்தான் இருக்கும். 35 வருஷத்தில் அவர் எத்தனை தடவை கடல் பார்த்திருப்பார்?

மெட்டியை எறிந்துவிட வேண்டாம். ஒரு பீங்கான் கோப்பையின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, மெட்டி அந்தத் தாளைத் தொடும்படி வைத்து, ஒரு தேக்கரண்டி சோடா மாவு தூவி, சூடான தண்ணீரை ஊற்றுங்கள். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறும். கொஞ்ச நேரத்தில் கறுப்பு விடும், லேசாகக் கூழ்முட்டை நாற்றமும் வரலாம். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.